வாசகர் கேள்வி: அறிக்கையில் 95%, கண்ணெதிரே போலிக் கணக்கு

கேள்வி: பெரும்பாலான தவறான பதிவுகளைத் தாங்களே கண்டுபிடித்ததாக ஃபேஸ்புக் மாத அறிக்கை சொல்கிறது. எங்கள் பாத்திரக்கடை பெயரிலுள்ள போலிக் கணக்கோ, ரிப்போர்ட் அடித்தும் அப்படியே இருக்கிறது. எதை நம்புவது?
- வாசகர், கும்பகோணம்

பதில்: அந்தச் சதவீதம், நடவடிக்கை எடுத்த பதிவுகளுக்குள் மட்டும் போடும் கணக்கு. 100 பதிவில் கைவைத்து, 95-ஐ யாரும் சொல்லாமலே பிடித்திருந்தால் 95%. தப்பிப்போனவை ஆயிரமானாலும் கணக்கில் வராது. களத்துக்கு வந்த நெல்லை மட்டும் எடைபோடுகிற கதைதான். அதே அறிக்கையில் இந்தியப் பயனர்களின் புகார் எத்தனை, எத்தனையில் நடவடிக்கை என்ற வரிகளைப் பாருங்கள். உண்மை அங்கேதான் கசியும்.

உங்கள் சிக்கல் வேறு. செயலியில் ரிப்போர்ட் அழுத்தினால் நிறுவனத்தின் சொந்த விதிப்படிதான் சோதிப்பார்கள். 2021 தகவல் தொழில்நுட்ப (ஐ.டி.) விதிகளின்படியான புகாரை, அவர்களின் இந்தியக் குறைதீர்ப்பு அலுவலருக்கு அனுப்ப வேண்டும். 24 மணி நேரத்துக்குள் ஒப்புகை வரவேண்டும். புகார் எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். வெறும் ஸ்கிரீன்ஷாட் போதாது, கணக்கின் லிங்க்கும் கடையின் ஜிஎஸ்டி சான்றும் சேருங்கள். பதில் சரியில்லையா? அது கிடைத்த 30 நாளுக்குள் ஒன்றிய அரசின் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவிடம் ஆன்லைனிலேயே முறையிடலாம். டெல்லிக்கு அலைய வேண்டாம்.

அந்தக் கணக்கு யாரிடமாவது பணம் பறித்திருந்தால், ஏமாந்தவரை முதலில் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழைக்கச் சொல்லுங்கள்.