வேலையிடத்தில் ஒதுக்குகிறார்கள், விலகிவிடவா?

கேள்வி: நான் ஒரு திருநம்பி (பிறப்பில் பெண் என்று பதியப்பட்ட ஆண்), வயது 28. யாழ் நகரில் ஒரு தனியார் லீசிங் கம்பனியில் நாலரை வருடமாக வேலை செய்கிறேன். ஹோமோன் சிகிச்சை தொடங்கிக் குரல் மாறியதும் முன் கவுண்டரில் இருந்து எடுத்துப் பின்னுக்குக் கோப்பறையில் விட்டுவிட்டார்கள். சாறி கட்டித்தான் வர வேண்டுமாம். ‘நீங்களே றிசைன் பண்ணினால் உங்களுக்கும் நல்லது’ என்கிறார் மனேஜர். என்ன செய்வது?

பதில்: தம்பி, விலகல் கடிதம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். மனேஜர் வாயால் சொல்லச் சொல்ல, நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மிஞ்சுவது உங்கள் கடிதம் மட்டும்தான். வேலையை விட்டு நிறுத்தினால் 6 மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்குப் போகலாம். நீங்களே விலகிவிட்டால், வற்புறுத்தித்தான் எழுத வைத்தார்கள் என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். அது பெரும்பாடு.

இன்னொன்று, உங்கள் நாலரை வருடம். 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் முடித்தவருக்கு 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் உண்டு. மாதச் சம்பளம் 60,000 ரூபா என்றால் 5 வருடத்துக்கு 1,50,000. ஆறு மாதம் முந்திப் போனால் அந்தக் காசைக் கேட்கச் சட்டத்தில் வழி இல்லை.

சட்டத்தில் உங்களுக்கு எவ்வளவு பலம் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். தனியார் துறையில் திருநர்களைப் பாகுபடுத்தக் கூடாது என்று தனிச்சட்டம் இலங்கையில் இல்லை. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சமத்துவத்தைத் தருகிறது. பாலின அடையாளமும் அதற்குள் அடங்கும் என்று 2014இல் அரசாங்கமே ஐ.நா. மனித உரிமைகள் குழுவிடம் சொன்னது. ஆனால் அந்த உரிமையை வைத்து உயர் நீதிமன்றம் போவது அரச நிர்வாகத்தின் செயலுக்கு எதிராகத்தான். அரச கந்தோரில் இருப்பவர்கள் இதை வாசித்தால், ஒரு மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. யாழ்ப்பாணத்திலேயே அதன் பிராந்திய அலுவலகம் இருக்கிறது.

உங்களுக்கு நியமனக் கடிதம்தான் துணை. அதை எடுத்துப் பதவியின் பெயரைப் பாருங்கள். வாடிக்கையாளர் சேவை என்று இருந்தால், கோப்பறை உங்கள் வேலை அல்ல. தலைமை அலுவலக மனிதவளப் பிரிவுக்கு நாலு வரியில் ஒரு ஈமெயில் போடுங்கள்: ‘இன்ன திகதியில் இருந்து என்னைக் கவுண்டரில் இருந்து கோப்பறைக்கு மாற்றியிருக்கிறார்கள். காரணம் எழுத்தில் தரப்படவில்லை. என் வேலையில் குறை இருந்தால் அறியத் தரவும்.’ அவ்வளவுதான். கோபம் வேண்டாம், சிகிச்சையைப் பற்றிய விளக்கமும் வேண்டாம். உங்கள் சொந்த ஈமெயிலுக்கும் ஒரு பிரதி போகட்டும். நிறுத்திய அன்றே கம்பனி ஈமெயிலைப் பூட்டிவிடுவார்கள், ஆதாரமெல்லாம் அதோடு போய்விடும்.

சாறி விஷயத்தில், ஆண் ஊழியர்கள் போடும் காற்சட்டை, சேர்ட்டை அனுமதிக்கும்படி மருத்துவரின் சிறு கடிதத்தோடு எழுத்தில் கேளுங்கள். ‘சிகிச்சையில் உள்ளார், இந்த உடை பொருத்தம்’ என்றிருந்தால் போதும். கிளினிக் கொப்பியைக் கேட்டால் காட்ட வேண்டியதில்லை. உடம்பைப் பற்றி யாராவது ஆபாசமாகக் கதைத்தாலோ தொட்டாலோ அது தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவில் குற்றம், 5 வருடம் வரை சிறை. திகதி, நேரம், பக்கத்தில் நின்றவர் யார் என்று அன்றன்றே குறித்து வையுங்கள்.

பாலின அங்கீகாரச் சான்றிதழ் எடுத்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் இப்போதே தொடங்குங்கள். 2016இல் இருந்து 16 வயதுக்கு மேற்பட்டோருக்கு மனநல மருத்துவ நிபுணர் அதைக் கொடுக்கலாம். யாழ் போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் கேளுங்கள். அதைக் கொண்டு பிறப்புச் சான்றிதழை மாற்றி, பிறகு அடையாள அட்டையை மாற்றலாம். நம் அட்டை இலக்கத்தில் பிறந்த நாளைக் காட்டும் மூன்று எண்களில் பெண்களுக்கு 500 கூட்டியிருக்கும். பெயரை மாற்றினாலும் பழைய இலக்கத்தைப் பார்த்தவுடன் மனிதவளப் பிரிவில் இருப்பவருக்கு விளங்கிவிடும். புதிய அட்டையில் இலக்கம் மாறி வந்தால், சேமலாப நிதி, நம்பிக்கை நிதி, வங்கி மூன்றுக்கும் இரண்டு அட்டைகளின் பிரதியோடும் அறிவியுங்கள். இல்லாவிட்டால் இத்தனை வருடச் சேமிப்பு பழைய இலக்கத்தில் கிடக்க, நீங்கள் கந்தோர் கந்தோராக அலைய வேண்டி வரும்.

அட்டை வரும்வரை சம்பளச் சிட்டையில் பழைய பெயர்தான் இருக்கும், அதற்காக இப்போது சண்டை வேண்டாம். ஆனால் உங்களைக் கூப்பிடும் பெயருக்கும் சட்டையில் குத்தும் பெயரட்டைக்கும் எந்தச் சான்றிதழும் தேவையில்லை. அதை இன்றைக்கே கேட்கலாம்.

ஈமெயிலுக்குப் பதில் வராவிட்டால் யாழ்ப்பாணத் தொழில் அலுவலகத்தில் முறையிடுங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. நியமனக் கடிதம், சம்பளச் சிட்டைகள், அந்த ஈமெயிலின் பிரதி, எல்லாம் கொண்டு போங்கள். விசாரணைக் கடிதங்கள் தபாலில் வரும். வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்றால், நம்பிக்கையான ஒருவரின் முகவரியைக் கொடுங்கள்.