கன்று போட்டுப் படுத்த பசுவுக்கு பிசியோதெரபி செய்யலாமா?

கேள்வி: ஜெர்சி கலப்பினப் பசு, மூன்றாம் ஈற்று. கன்று பெரிது; இழுத்துத்தான் எடுத்தோம். இரண்டு நாளாக எழவில்லை. டாக்டர் கால்சியம் ஏற்றினார். கால்களுக்கு பிசியோதெரபி செய்யலாமா என்று கேட்டதற்கு, "மாட்டுக்கு அதெல்லாமா?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

பதில்: அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கம்தான். வேலைக்கு வந்த புதிதில் நானும் ஊசி போட்டதோடு கிளம்பியவன். ஒரு நாளில் பத்து கொட்டகை ஏறுகிறவரால் உங்கள் பசுவோடு மணிக்கணக்கில் உட்கார முடியாது. அதனால் அந்த வேலையே வீண் என்று ஆகிவிடாது. இப்போது உங்கள் பசுவுக்குத் தேவை அதுதான்.

பால் காய்ச்சல், அதாவது கன்று போட்டதும் ரத்தத்தில் கால்சியம் குறைவது, மட்டும் என்றால் கால்சியம் ஏறிய சில மணி நேரத்தில் பெரும்பாலும் எழுந்துவிடும். கன்றை இழுத்தபோது இடுப்புக்குள் ஓடும் நரம்பு நசுங்கியிருக்கலாம். அப்படியானால் எழ முயலும்போது பின்னங்கால்கள் இரு பக்கமும் விரிந்துபோகும். இதோடு, முந்நூறு நானூறு கிலோ எடை ஒரே தொடைமேல் கிடந்தால் சில மணி நேரத்திலேயே ரத்தம் ஓடாமல் தசை கெட ஆரம்பிக்கும். பல மாடுகள் எழாமல் போவதற்கு முதல் நோயைவிட இதுதான் காரணம்.

முதலில் டாக்டரிடம் எலும்பு முறிவு, சப்பை (இடுப்பு) மூட்டு விலகல் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இருந்தால் காலைத் தேய்ப்பது கெடுதல். அவர் தயக்கத்தில் இந்த அளவுக்கு நியாயம் உண்டு.

அது இல்லையென்றால், சிமெண்ட் தரையிலிருந்து இன்றே மாற்றுங்கள். காலைப் பிடித்துத் தரையில் இழுக்க வேண்டாம்; தார்ப்பாயில் உருட்டி நகர்த்துங்கள். ஒரு அடி மணல், மேலே வைக்கோல். நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி, வைக்கோல் மூட்டையால் அண்டை கொடுத்து, மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள், இரவிலும்தான். பக்கம் மாற்றும்போதெல்லாம் மேலே வந்த காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, குளம்பிலிருந்து தொடை நோக்கி அழுத்தித் தேய்த்து, மடக்கி நீட்டிவிடுங்கள். கால் விரிந்தால் இரண்டு பின்னங்கால்களையும் ஒன்றரை அடி இடைவெளி விட்டுத் துணிப்பட்டையால் இணைத்துக் கட்டுங்கள். தூக்கி நிறுத்தும்போது காலில் எடை வைத்தால் சில நிமிடம் நிற்கட்டும். தொங்கினால் உடனே இறக்குங்கள். தொங்கவிட்டே சப்பையைப் புண்ணாக்கிய கொட்டகைகள் நிறைய.

வலி ஊசி டாக்டர் கையாலேயே போகட்டும். கடையில் டைக்ளோபினாக் கேட்காதீர்கள். அது போட்ட மாட்டின் பிணத்தைத் தின்ற கழுகுகள் செத்ததால் 2006 முதல் மாட்டுக்குத் தடை.

தீனி தின்று, ஊர்ந்து நகரப் பார்க்கிற மாடு என்றால் ஒரு வாரம்கூடப் பாடுபடலாம். தீனியை விட்டுத் தலையைச் சாய்த்துவிட்டால் அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். அவர் வர முடியாவிட்டால் 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணுக்குப் போன் போடுங்கள்.