சீட்டுப் பணம் 20,000 ரூபாய்: எதை இப்போது மாற்றலாம், எதற்குக் காத்திருக்கலாம்?

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் சொந்த வீடு. கணவர், நான், 16 வயது மகள், மாமியார் என நான்கு பேர். கணவர் சம்பளமும் என் தையல் வருமானமும் சேர்த்து மாதம் 46,000 ரூபாய் வருகிறது. கூட்டுறவு வங்கியில் 40,000 ரூபாய் நகைக்கடன், 10 சதவீத வட்டிக்கு இருக்கிறது. சீட்டு முடிந்து 20,000 ரூபாய் கைக்கு வந்திருக்கிறது. பிளாஸ்டிக்கையும் கரன்ட் பில்லையும் குறைக்க வேண்டும் என்று மகள் பட்டியல் போட்டிருக்கிறாள். பிஎல்டிசி ஃபேன் (குறைந்த கரன்டில் ஓடும் மோட்டார் உள்ளது) மூன்று 9,000. எவர்சில்வர் டப்பா செட் 4,500. மண் கம்போஸ்ட் தொட்டி 3,500. எனக்கும் அவளுக்கும் துணி நாப்கின் 12, விலை 2,400. மக்கும் குப்பைப் பை 1,200. மூங்கில் பிரஷ் 400. மொத்தம் 21,000. கார்டில் வட்டியில்லா இஎம்ஐ கிடைக்குமாம். வெயில் காலத்தில் இரண்டு மாதத்துக்கு 540 யூனிட் வரை ஓடுகிறது, மற்ற நேரத்தில் 430. ஹால் ஃபேனும் படுக்கையறை ஃபேனும் தினம் 12 மணி நேரம் ஓடும். தையல் அறை ஃபேன் 3 மணி நேரம்தான். நாப்கினுக்கு மாதம் 220 ரூபாய் ஆகிறது. எல்லாவற்றையும் வாங்கிவிடலாமா?

பதில்: எல்லாவற்றையும் வேண்டாம். உங்கள் மகள் போட்ட பட்டியலில் பாதி மிக நல்ல முதலீடு. மீதிப் பாதி, வீட்டில் நன்றாக இருக்கும் பொருளைக் குப்பைக்கு அனுப்பிவிட்டு அதே வேலைக்கு இன்னொன்றை வாங்கும் செலவு. அதனால் காசும் மிச்சமாகாது, குப்பையும் குறையாது.

எதை எடுப்பது, எதை விடுவது என்று பார்க்க உங்களிடமே ஓர் அளவுகோல் இருக்கிறது. அதுதான் நகைக்கடன். அதில் 100 ரூபாய் கட்டினால் ஆண்டுக்கு 10 ரூபாய் வட்டி மிச்சம், அதில் சந்தேகத்துக்கே இடமில்லை. எனவே 100 ரூபாய் போட்டு ஒரு பொருளை மாற்றினால் ஆண்டுக்கு 10 ரூபாய்க்கு மேல் மிச்சமாகுமா என்று கேளுங்கள். ஆகும் என்றால் இன்றே வாங்கலாம். ஆகாது என்றால் பழையது உடையும்வரை, தேயும்வரை பொறுக்கலாம்.

இந்தக் கணக்கில் முதலிடம் நாப்கினுக்கு. உங்களுக்குத் துணி நாப்கினுக்குப் பதில் மாதவிடாய்க் கப் (உள்ளே வைத்து உதிரத்தைப் பிடிக்கும் சிறு கிண்ணம்) ஒன்று போதும், சுமார் 400 ரூபாய். உங்கள் பங்கு நாப்கின் செலவு மாதம் 110 என்று வைத்தால் நான்கே மாதத்தில் போட்ட காசு திரும்பிவிடும். சிலிகான் கப் ஒழுங்காகப் பராமரித்தால் பல ஆண்டு உழைக்கும். மருத்துவத் தர சிலிகானா என்று பார்த்து வாங்குங்கள். குழந்தை பெற்றவர்களுக்கு அளவு வேறு, அதையும் கவனியுங்கள். பலர் முதல் மாதமே கசிகிறது என்று தூக்கி வைத்துவிடுகிறார்கள். உள்ளே போனதும் கப் முழுதாக விரியாததுதான் பெரும்பாலும் காரணம். பழக இரண்டு மூன்று சுழற்சி ஆகும், அதுவரை கையிருப்பு நாப்கினைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். 8 மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்துக் கழுவுவது நல்லது, 12 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. ஒவ்வொரு சுழற்சிக்கும் முன்னும் பின்னும் தனிப் பாத்திரத்தில் ஐந்து நிமிடம் கொதிக்க வையுங்கள். தண்ணீர் வற்றிக் கப் அடியில் ஒட்டினால் கருகிவிடும், பக்கத்திலேயே நில்லுங்கள். காப்பர் டி போட்டிருந்தால் டாக்டரைக் கேட்காமல் கப் பக்கம் போக வேண்டாம், காப்பர் டி இடம் நகரும் ஆபத்து உண்டு.

மகளுக்குத் துணி நாப்கின் போதும். ஆறு வாங்குங்கள், 1,200 ரூபாய். பதினோரு மாதத்தில் காசு திரும்பும், அதற்குப் பிறகும் ஓரிரு ஆண்டு உழைக்கும். கறை போக முதலில் பச்சைத் தண்ணீரில்தான் அலச வேண்டும், வெந்நீர் பட்டால் கறை படிந்துவிடும். துணியை மென்மையாக்கும் திரவம் சேர்க்காதீர்கள், உறிஞ்சும் தன்மை போய்விடும். யார் கண்ணிலும் படக் கூடாது என்று குளியலறைக் கொடியில் காயப்போடுகிற பழக்கம்தான் இதில் நடக்கும் பெரிய தவறு. ஈரம் முழுதாகப் போகாமல் பூஞ்சை பிடித்து அரிப்பும் தொற்றும் வரும். மாடியில் நேர் வெயிலில்தான் காய வேண்டும். நீங்கள் தையல்காரர், நல்ல பருத்தித் துணி மிச்சமிருந்தால் மழைக்காலத்துக்கு இன்னும் இரண்டு நீங்களே தைத்துவிடலாம்.

அடுத்தது ஃபேன். இதில்தான் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். சாதாரண ஃபேன் 75 வாட் அளவுக்கு இழுக்கும், பிஎல்டிசி 30 முதல் 35 வாட். ஃபேனுக்கு 40 வாட் மிச்சம் என்று வைப்போம். தினம் 12 மணி நேரம் வீதம் 60 நாளைக்கு ஏறக்குறைய 29 யூனிட். ஹால், படுக்கையறை இரண்டையும் மாற்றினால் 57 யூனிட்டுக்குக் குறையாது. உங்கள் 540 யூனிட் 483 ஆகிவிடும்.

இந்த 483 ஏன் முக்கியம்? இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைக்கும் சலுகை விலையும் சேர்ந்து போய்விடும். 2024 ஜூலைக் கட்டணப்படி கணக்கிட்டால், 540-லிருந்து 483-க்கு இறங்கும்போது அந்த ஒரு பில்லில் மட்டும் சுமார் 700 ரூபாய் குறையும். 430 யூனிட் வரும் மாதங்களில் 200 முதல் 300 ரூபாய்தான் குறையும், மழையிலும் மார்கழிக் குளிரிலும் ஃபேனும் குறைவாகத்தானே ஓடும். ஆண்டு முழுவதும் கூட்டினால் சுமார் 2,500 ரூபாய் நிற்கும். 6,000 போட்டு 2,500 என்றால் 100-க்குச் சுமார் 40. நகைக்கடனைவிட நான்கு மடங்கு.

தையல் அறை ஃபேனுக்கு அதே கணக்கைப் போடுங்கள். தினம் 3 மணி நேரத்தில் இரண்டு மாதத்துக்கு 7 யூனிட். 45 ரூபாய் மிச்சம். ஆண்டுக்கு 270 ரூபாய்க்காக 3,000 போட்டால் 100-க்கு 9 ரூபாய்தான் வருகிறது, கடன் வட்டியைவிடக் குறைவு. அதை மாற்ற வேண்டாம். அது மெதுவாகச் சுற்றுகிறது என்றால் எலக்ட்ரீஷியனிடம் கெபாசிட்டரை மாற்றச் சொல்லுங்கள், பொருள் 100 ரூபாய்க்குள் முடியும். ஹாலிலும் படுக்கையறையிலும் கழற்றும் இரண்டு ஃபேனில் நன்றாக ஓடும் ஒன்றைத் தையல் அறைக்கு உதிரியாக எடுத்துவையுங்கள். இன்னொன்றை எடைக்குப் போடலாம், உள்ளே செம்புக் கம்பி இருப்பதால் இரும்பு விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

வாங்கும்போது நட்சத்திர லேபிளைப் பாருங்கள், 2023 முதல் சீலிங் ஃபேனுக்கு அது கட்டாயம். 1200 மில்லிமீட்டர் ஃபேன் என்றால் வாட்டோடு காற்றின் அளவும் லேபிளில் இருக்கும். நிமிடத்துக்கு 210 கன மீட்டருக்குக் கீழே போகாதீர்கள், காற்று போதாமல் எப்போதும் முழு வேகத்தில் வைக்க நேரும், மிச்சமும் குறைந்துவிடும். இவ்வகை ஃபேனில் முதலில் கெட்டுப்போவது மோட்டார் அல்ல, உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் போர்டு. வாரன்டி போர்டுக்கும் உண்டா, எத்தனை ஆண்டு என்று பில்லில் எழுதி வாங்குங்கள். பழைய ரெகுலேட்டர் வழியாக இணைப்புக் கொடுத்தால் விட்டு விட்டு ஓடும், போர்டும் போய்விடும். ரெகுலேட்டரைக் கழற்றிச் சுவிட்சிலிருந்து நேராக இணைக்கச் சொல்லுங்கள். மாமியாருக்கு ரிமோட் சிரமமாக இருந்தால், சுவிட்சை அணைத்துப் போட்டாலே வேகம் மாறும் மாடல்களும் இருக்கின்றன, கேட்டு வாங்குங்கள். இடி மின்னல் நேரத்தில் ரிமோட்டில் நிறுத்தினால் போதாது, சுவிட்சையே அணைக்க வேண்டும்.

எவர்சில்வர் டப்பா செட்டுக்கு 4,500 இப்போது தேவையில்லை. அரிசியும் பருப்பும் போட்டு வைக்கும் பிளாஸ்டிக் டப்பா இன்னும் பல ஆண்டு உழைக்கும். விரிசல் விட்டதை, சூடாகவோ எண்ணெய்ப் பிசுக்காகவோ எதையாவது போடுவதை மட்டும் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். எடைக்குப் போட பழைய எவர்சில்வர் பாத்திரம் வீட்டில் இருந்தால் அதைக் கொடுத்து வித்தியாசத்தைக் கட்டலாம். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல ஸ்டீல் என்று கடையில் சொல்வார்கள், அதை நம்பி முடிவெடுக்காதீர்கள். தரமான 304 ரகத்திலும் ஒட்டாது, மலிவான 202 ரகத்திலும் ஒட்டாது. 202-ல் உப்பும் புளியும் நாள்பட இருந்தால் குழி விழும். தரம் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். ஊறுகாய்க்குப் பீங்கான் ஜாடிதான் சரி. டப்பாவை மாற்றுவதைவிட, செவ்வாய்ப்பேட்டைக்கு மளிகை வாங்கப் போகும்போது துணிப்பைகளை எடுத்துப்போய்ச் சில்லறையாக நிறுத்து வாங்கினால் வீட்டுக்குள் வரும் பிளாஸ்டிக் கவர் உடனே குறையும். அதற்குச் செலவே இல்லை.

கம்போஸ்ட் தேவை, 3,500 ரூபாய்த் தொட்டி தேவையில்லை. இரண்டு 20 லிட்டர் பழைய பெயின்ட் வாளி போதும். நன்றாகக் கழுவி, பக்கத்திலும் அடியிலுமாகப் பத்துப் பன்னிரண்டு துளை போட்டுச் செங்கல் மேல் வையுங்கள். ஒரு கிண்ணம் காய்கறிக் கழிவுக்கு ஒரு கிண்ணம் காய்ந்த இலையோ தென்னை நார்த்தூளோ. ஒரு வாளி நிறைந்ததும் மூடி வைத்து அடுத்ததைத் தொடங்குங்கள், இரண்டு மாதத்தில் உரமாகும். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், நார்த்தூள் சேர்த்துக் கிளறுங்கள். எறும்பு வந்தால் காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளியுங்கள். புழு வைத்தால் கழிவு மேலே திறந்து கிடக்கிறது என்று அர்த்தம், ஒவ்வொரு முறையும் மேலே ஓர் அங்குலம் நார்த்தூள் போட்டு மூடுங்கள். மீந்த குழம்பும் அசைவமும் போடக் கூடாது.

ஈரக் கழிவு வாளிக்குப் போய்விட்டால் குப்பைக் கூடைக்குப் பையே தேவைப்படாது, பழைய செய்தித்தாளை மடித்துப் போட்டால் போதும். ஆக அந்த 1,200-ஐயும் விடுங்கள். ஸ்டார்ச்சில் செய்த மக்கும் பை பெரும்பாலும் வெப்பம் கூடிய பெரிய உரக்கூடங்களில்தான் சரியாக மக்கும், வீட்டு வாளியில் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

மூங்கில் பிரஷ்ஷிலும் பல் தேய்க்கும் இழைகள் பெரும்பாலும் நைலான்தான். ஈரத்தில் கைப்பிடி கறுக்கும். இப்போதைய பிரஷ் தேயட்டும், பிறகு பார்க்கலாம். பட்டியலில் இல்லாத ஒன்றை நான் சேர்க்கிறேன்: பாத்திரம் தேய்க்கப் பீர்க்கங்காய் நார். கொடியிலேயே முற்றவிட்டு, குலுக்கினால் விதை சத்தம் கேட்கும்போது பறித்துத் தோலை உரித்தால் நான்கைந்து துண்டு கிடைக்கும். எப்போதும் ஈரமாகக் கிடந்தால் வாடை வரும், இரண்டு துண்டை மாற்றி மாற்றி வெயிலில் காயவையுங்கள்.

இஎம்ஐ வேண்டாம். கையில் பணம் இருக்கிறது. வட்டியில்லா இஎம்ஐயில் கார்டு வங்கி வட்டியைப் போடத்தான் செய்கிறது, கடை அதைத் தள்ளுபடியாகக் கழிக்கிறது. அந்த வட்டி மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும், இருந்தால் செயலாக்கக் கட்டணமும் உங்கள் தலையில்தான். ஒரு மாதம் தவறினால் மாதத்துக்கு 3 சதவீதத்துக்கு மேல் வட்டி ஏறும்.

ஆக, கப் 400, துணி நாப்கின் 1,200, ஃபேன் இரண்டு 6,000. மொத்தம் 7,600. மீதி 12,400. இதில் 2,400-ஐச் சேமிப்புக் கணக்கில் அவசரத்துக்கு வைத்துவிட்டு, 10,000-ஐ நகைக்கடன் அசலில் கட்டுங்கள். ஆண்டுக்கு 1,000 ரூபாய் வட்டி குறையும்.

நாப்கின், கரன்ட், கடன் வட்டி மூன்றும் சேர்த்து மாதம் சுமார் 500 ரூபாய் மிச்சம் என்று காகிதத்தில் கணக்கு வந்தாலும், தனியாக எடுத்து வைக்காவிட்டால் அது வீட்டுச் செலவில் கரைந்துவிடும். நாப்கின் காசு 220-ஐ மாதாமாதமும், கரன்ட் பில்லில் குறைந்த தொகையைப் பில் கட்டிய அன்றும், கடனுக்கே கட்டுங்கள். கடன் அடைந்த பிறகு அதே 500-ஐ அஞ்சலகத் தொடர் வைப்பில் போடலாம், 100 ரூபாயிலிருந்தே கணக்குத் தொடங்கலாம். கடன் இருக்கும்போது அதைத் தொடங்காதீர்கள், அங்கே கிடைக்கும் வட்டி நீங்கள் கட்டும் 10 சதவீதத்தைவிடக் குறைவு.

வங்கியில் 10,000 கட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். கட்டும் பணத்தை முதலில் வட்டிக்கு எடுத்துக்கொண்டு மீதியைத்தான் அசலில் வரவு வைப்பார்கள். அன்று வரைக்குமான வட்டி எவ்வளவு என்று முதலில் கேட்டு, அதைத் தனியாகக் கட்டிவிட்டு, அதற்கு மேல் 10,000 கட்டுங்கள். ரசீதில் அசல் பாக்கி 30,000 என்று இருக்கிறதா என்று கவுன்டரிலேயே பார்த்துவிட்டு வாருங்கள்.