‘வதைமுகாம்’ என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை முகாம்கள்? – கேள்வி பதில்

நாஜி முகாம்கள் பற்றியும் யூதர்கள் மீதான அடக்குமுறை பற்றியும் வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: சார், டாஹவ், ஆஷ்விட்ஸ், டிரெப்ளிங்கா எல்லாவற்றையும் தமிழில் வதைமுகாம் என்றே எழுதுகிறார்கள். மூன்றும் ஒரே மாதிரி இடங்கள்தானா?

இல்லை. இந்த வரலாற்றில் வரும் குழப்பங்களில் பாதி அந்த ஒரு சொல்லிலிருந்துதான் கிளம்புகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டாஹவ் திறந்தது 1933 மார்ச் 22இல். மியூனிக் அருகே மூடிக்கிடந்த வெடிமருந்து ஆலை அது. முதலில் அடைக்கப்பட்டவர்கள் கம்யூனிஸ்டுகள், சமூக ஜனநாயகக் கட்சியினர், தொழிற்சங்கத்தார். ஜெர்மன் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்த மறுநாள், பிப்ரவரி 28 அன்று, ஓர் அவசர ஆணை வந்தது. அதை வைத்துக்கொண்டு ‘பாதுகாப்புக் காவல்’ என்ற பெயரில் வழக்கோ நீதிபதியோ இல்லாமல் யாரையும் எத்தனை காலமும் உள்ளே வைக்கலாம் என்றாகிவிட்டது. சாக்ஸன்ஹவுசன் (1936), புகென்வால்ட் (1937), மவுத்ஹவுசன் (1938), பெண்களுக்கான ராவென்ஸ்புரூக் (1939) எல்லாம் இந்த வகை. அடக்குவது, வேலை வாங்கிப் பிழிவது, அதில் செத்தால் சாகட்டும் என்று விடுவது. விடுதலையானவர்களும் உண்டு. யூதர்கள்மீது நாஜிகள் ஏவிய 1938 நவம்பர் கலவரத்தை ஒட்டிச் சுமார் 30 ஆயிரம் யூத ஆண்களைப் பிடித்து இந்த முகாம்களில் போட்டார்கள். நாட்டை விட்டே போய்விடுகிறோம் என்று எழுதிக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களிலோ மாதங்களிலோ வெளியே வந்தார்கள்.

போலந்தில் இருந்த டிரெப்ளிங்கா வேறு. ஏறத்தாழ 600 மீட்டருக்கு 400 மீட்டர் இடம். வந்தவர்களைத் தங்கவைக்கும் ஏற்பாடே அங்கே கிடையாது. ரயிலில் வந்து இறங்கியவர்கள் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் கொல்லப்பட்டார்கள். துணி பிரிக்கவும் பிணம் அகற்றவும் சில நூறு யூதர்களை மட்டும் உயிரோடு வைத்திருந்தார்கள். ஜெர்மானியர் சுமார் 30 பேர், அவர்களுக்குக் கீழே காவலர்கள் நூற்றுச் சொச்சம் பேர். இவ்வளவு சிறிய கூட்டம் 1942 ஜூலையிலிருந்து ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அந்த ஜெர்மானியர்களில் பலர், ஜெர்மனியின் மனநல விடுதிகளில் இருந்தவர்களையும் ஊனமுற்றோரையும் கொன்ற திட்டத்தில் பழகியவர்கள். அந்தத் திட்டத்தின் கணக்கு மட்டும் 1941 ஆகஸ்டு வரை 70,273 பேர். பெல்ஸெக், சோபிபோர், ஹெல்ம்னோ மூன்றும் டிரெப்ளிங்கா வகைதான். இவற்றைக் கொலைமுகாம் என்று தனியே எழுதுவதுதான் சரி.

அதே போலந்தில் இருந்த ஆஷ்விட்ஸும் மைடானெக்கும் இரண்டும் கலந்தவை. அடிமை வேலையும் உண்டு, நச்சுவாயு அறையும் உண்டு. வேலைக்கு நிறுத்தப்பட்டவர்களில் ஆயிரக்கணக்கானோர் பிழைத்து வந்து சொன்னதால்தான் ஆஷ்விட்ஸ் உலகத்துக்கே தெரிந்த பெயரானது. பெல்ஸெக்கில் 4 லட்சத்து 30 ஆயிரத்துக்கு மேல் கொல்லப்பட்டார்கள். போருக்குப்பின் சாட்சி சொல்ல மிஞ்சியவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். ஒரு முகாமின் பெயர் நமக்குப் பழகவில்லை என்றால் அங்கே கொடுமை குறைவு என்று பொருளில்லை.

இன்னொரு வகையும் இருக்கிறது, இடைத்தங்கல் முகாம். நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க், பாரிஸ் அருகே டிரான்சி. இங்கே சேர்த்து வைத்துக் கிழக்கே அனுப்பினார்கள்.

கேள்வி: இந்த முகாம் முறையையே பிரிட்டிஷ்காரர்கள்தான் போயர் போரில் கண்டுபிடித்தார்கள் என்கிறாரே என் நண்பர்?

அதற்கும் முன்னால் 1896இல் கியூபாவில் ஸ்பானியத் தளபதி வெய்லர் கிராமத்து மக்களை வேலிக்குள் குவித்தார். தென்னாப்பிரிக்கப் பிரிட்டிஷ் முகாம்களில் டச்சு வழி வெள்ளையர்களான போயர்கள் சுமார் 28 ஆயிரம் பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். தனி முகாம்களில் அடைக்கப்பட்ட கறுப்பின மக்களில் குறைந்தது 14 ஆயிரம் பேர். பசியும் தொற்றுநோயும் கொன்றவை இவை. ஒரு மக்களையே இல்லாமல் ஆக்கக் கட்டிய டிரெப்ளிங்காவுக்கு இதை மூதாதையாகக் காட்ட முடியாது.

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரர் யூதர் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? முகத்தைப் பார்த்தா?

காகிதத்தைப் பார்த்து. யூதர்களின் குடியுரிமையைப் பறித்த 1935 நியூரம்பர்க் சட்டங்களுக்குப் பின் வந்த விதியின்படி, தாத்தா பாட்டி நால்வரில் மூவர் யூதராக இருந்தால் நீங்கள் யூதர். அந்தத் தாத்தா யூதர் என்பதற்கு என்ன ஆதாரம்? யூத சமயச் சங்கத்தில் அவர் உறுப்பினராக இருந்தது. ‘இனம்’ என்று மேடையில் முழங்கியவர்கள் கடைசியில் சமயப் பதிவேட்டைத்தான் புரட்ட வேண்டியிருந்தது. மதம் மாறிக் கிறிஸ்தவரானவரும் இப்படித்தான் மாட்டினார்.

1938 அக்டோபரில் யூதர்களின் பாஸ்போர்ட்டில் சிவப்பாக ‘ஜே’ எழுத்து விழுந்தது. 1939 ஜனவரி முதல், பெயரைப் பார்த்தாலே யூதர் என்று தெரியாத ஆண்கள் ‘இஸ்ரேல்’ என்றும் பெண்கள் ‘சாரா’ என்றும் கூடுதல் பெயர் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதே ஆண்டு மே மாத மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாத்தா பாட்டி பற்றித் தனி அட்டை. 1941 செப்டம்பர் 19 முதல் ஆறு வயதுக்கு மேற்பட்டவர்கள் சட்டையில் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொள்ள வேண்டும். நட்சத்திரத்தைத்தான் படங்களில் பார்க்கிறோம். அது வந்தபோது பட்டியல் எப்போதோ முடிந்துவிட்டது.

பதிவேடு ஒழுங்காக இருந்த நாட்டில் சேதமும் கூடியது. நெதர்லாந்தில் ஏறத்தாழ முக்கால்வாசி யூதர்கள் கொல்லப்பட்டார்கள். 1943 மார்ச்சில் தலைமறைவு எதிர்ப்பாளர்கள் ஆம்ஸ்டர்டாம் மக்கள் பதிவு அலுவலகத்துக்கே தீவைத்ததன் காரணம் இதுதான். எரிந்தது ஒரு பகுதி மட்டுமே. அடுக்கி இறுக்கிக் கட்டிய அட்டைகள் லேசில் தீப்பிடிக்காது.

கேள்வி: இவ்வளவு நடக்கும்போது அவர்கள் ஏன் முன்பே ஓடிப்போகவில்லை?

போனார்கள். 1933இல் ஜெர்மனியில் 5 லட்சத்துக்குச் சற்று மேல் யூதர்கள் இருந்தார்கள். 1941 அக்டோபரில் வெளியேற்றத்துக்குத் தடை வந்தபோது மிஞ்சியவர்கள் சுமார் 1 லட்சத்து 60 ஆயிரம். வயதானவர்களும் கையில் காசில்லாதவர்களும்தான் அதிகம்.

போவதற்கு இரண்டு கதவுகள் திறக்க வேண்டும். உள்கதவில் பணம் பிடுங்கினார்கள். சொத்தில் கால்பங்கு வெளியேற்ற வரி. மிச்சம் முடக்கிய கணக்கில் போகும். அதை அந்நியப் பணமாக மாற்றினால் 1939 வாக்கில் நூறு மார்க்குக்கு நாலு மார்க் மதிப்புதான் தேறும். கையில் எடுத்துப்போகப் பத்து மார்க். வெளிக்கதவு அதைவிட மோசம். 1938 ஜூலையில் பிரான்ஸின் எவியானில் 32 நாடுகள் கூடிப் பேசின, அகதிகளை ஏற்க முன்வந்தது ஏறக்குறைய டொமினிகன் குடியரசு மட்டும்தான். ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் சேர்த்து அமெரிக்கா வைத்த ஆண்டு ஒதுக்கீடு 27,370. விசா கேட்காத ஷாங்காய்க்குக்கூடப் பல ஆயிரம் பேர் கப்பல் ஏறினார்கள்.

ஆனால் கொல்லப்பட்டவர்களில் ஜெர்மானிய யூதர்கள் சிறுபான்மை. போலந்தில் 33 லட்சம் யூதர்கள் இருந்தார்கள், அவர்களில் சுமார் 30 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். 1939 செப்டம்பரில் படை உள்ளே வந்துவிட்டது. ஜெர்மானிய யூதர்களைப் போல ஆறு வருடம் யோசிக்க அவர்களுக்கு அவகாசமே கிடைக்கவில்லை. ‘ஏன் ஓடவில்லை’ என்ற கேள்வி அவர்களுக்குப் பொருந்தாது.

கேள்வி: ரயிலில் ஏற்றியவர்களிடம் டிக்கெட் காசு வாங்கினார்களாமே, கட்டுக்கதையா?

நிஜம். ஜெர்மன் ரயில்வே இதைக் கூட்டுப் பயணமாகக் கணக்கெழுதியது. மூன்றாம் வகுப்புக் கட்டணம், கிலோமீட்டருக்குத் தலைக்கு 4 பெனிக் (நூறு பெனிக் ஒரு மார்க்). பத்து வயதுக்குக் கீழே அரைக் கட்டணம், நாலு வயதுக்குக் கீழே இலவசம். 400 பேருக்கு மேல் என்றால் பாதித் தள்ளுபடி. போக மட்டும் கட்டணம், திரும்பும் வண்டி காலி. ஏற்றியது சரக்குப் பெட்டியில் என்றாலும் கணக்கு மூன்றாம் வகுப்புதான். பில் பாதுகாப்புக் காவல்துறைக்குப் போகும், அவர்கள் யூதர்களிடம் பறித்த பணத்திலிருந்தே பலமுறை கட்டினார்கள். 1942இல் ஸ்லோவாக்கிய அரசு தன் யூதர்களைக் கொண்டுபோவதற்காக ஜெர்மனிக்குத் தலைக்கு 500 மார்க் கொடுக்க ஒப்புக்கொண்டது.

கேள்வி: பிழைத்தவர்கள் எல்லார் கையிலும் பச்சை குத்திய எண் இருக்குமா?

ஆஷ்விட்ஸிலும் அதன் கிளை முகாம்களிலும் பதிவானவர்களுக்கு மட்டும்தான், அவர்களிலும் எல்லாருக்கும் இல்லை. புகென்வால்டிலோ பெர்கன்-பெல்சனிலோ எண் சட்டையில்தான். அங்கே விடுவிக்கப்பட்டவர் கையில் பச்சை இருந்தால் அவர் ஆஷ்விட்ஸ் வழியாக வந்தவர்.

எண் கிடைத்ததே உயிரோடு விட்டதற்கு அடையாளம். ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் சுமார் 13 லட்சம், எண் பதிவானது சுமார் 4 லட்சம் பேருக்கு. இறங்குமேடையில் முகாம்களை நடத்திய நாஜிப் படையான எஸ்எஸ்ஸின் மருத்துவர் பார்த்த பார்வையிலேயே முதியவர்கள், குழந்தைகள், கைக்குழந்தையோடு வந்த தாய்மார்கள் நேரே நச்சுவாயு அறைக்குப் போனார்கள். அவர்களுக்கு எண்ணும் இல்லை, மரணப் பதிவும் இல்லை. ஹங்கேரியிலிருந்து 1944 மே 15 முதல் ஜூலை 9 வரை மட்டும் 4 லட்சத்து 37 ஆயிரம் பேரை ஏற்றினார்கள், மிகப் பெரும்பாலோர் இங்கேதான் வந்தார்கள். எண் ‘ஏ’ எழுத்தோடு தொடங்கினால் அவர் 1944 மே மாதத்திலோ அதற்குப் பிறகோ வந்த யூதர் என்று கொள்ளலாம்.

கேள்வி: முகாமில் என்ன சாப்பாடு? அடித்துச் செத்தவர்கள் அதிகமா, பட்டினியில் செத்தவர்களா?

ஆஷ்விட்ஸில் காலையில் அரை லிட்டர் காப்பி மாதிரி ஒரு தண்ணீர். மதியம் முக்கால் லிட்டர் சூப், டர்னிப் கிழங்கு மிதக்கும். இரவில் சுமார் 300 கிராம் ரொட்டி, கூட 25 கிராம் தொத்திறைச்சியோ மார்கரினோ. மொத்தம் 1,300 முதல் 1,700 கலோரி. வேலை 11 மணி நேரம். இது காகிதக் கணக்கு. வழியில் காவலர், சமையலறை, கைதிக் கொட்டகையான பிளாக்கின் தலைவர் என்று ஒவ்வொரு கையும் ஒரு பிடி எடுத்தபின் கிடைப்பது வேறு. கரண்டி அடியாழத்துக்குப் போகிறதா, மேலே மொள்கிறதா என்பதில் உயிர் நின்றது. ரொட்டியைக் காலைக்கென்று வைத்தால் இரவில் திருட்டுப்போகும், அதனால் பலர் உடனே தின்றுவிடுவார்கள்.

பட்டினி தனியாகக் கொல்வதில்லை. மரச்செருப்பு காலைக் கடிக்கும், புண் சீழ்பிடிக்கும், நடக்க முடியாதவர், வேலைக்கு ஆகாதவர்களைக் கொல்லப் பிரித்தெடுக்கும் அடுத்த தெரிவில் கழிக்கப்படுவார். வயிற்றுப்போக்கும் பேனால் பரவும் டைஃபஸும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். பெர்கன்-பெல்சனில் நச்சுவாயு அறையே கிடையாது. 1945 ஏப்ரல் 15 அன்று பிரிட்டிஷ் படை நுழைந்தபோது சுமார் 60 ஆயிரம் பேர் உயிரோடும் ஆயிரக்கணக்கான பிணங்கள் புதைக்கப்படாமலும் கிடந்தன. விடுதலைக்குப் பின்னும் 13 ஆயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். சுருங்கிப்போன குடலுக்கு ராணுவ டப்பா இறைச்சியும் கொழுப்பும் விஷமானது அதில் ஒரு காரணம்.

கேள்வி: ஆஷ்விட்ஸ் பலகையில் முதலில் 40 லட்சம் என்றிருந்ததாம், பிறகு குறைத்தார்களாம். அப்படியானால் 60 லட்சம் என்பதும் குறைய வேண்டாமா என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது.

பழைய தந்திரம். 40 லட்சம் என்பது 1945இல் சோவியத் விசாரணைக்குழு சொன்னது. கொல்லப்பட்ட யூதர்கள் மொத்தம் 60 லட்சம் என்ற கணக்கு அதன்மேல் கட்டப்படவே இல்லை. போருக்கு முந்தைய, பிந்தைய மக்கள்தொகை, ரயில் பட்டியல், ஜெர்மன் ஆவணம் ஆகியவற்றிலிருந்து நாடு நாடாகக் கூட்டியது அது. மேற்கத்திய ஆய்வாளர்கள் 1950களிலிருந்தே ஆஷ்விட்ஸுக்குப் பத்து லட்சத்தை ஒட்டிய எண்ணைத்தான் வைத்திருந்தார்கள். இன்றைய கணக்கு அங்கே கொல்லப்பட்டவர்கள் சுமார் 11 லட்சம், அதில் யூதர்கள் சுமார் 10 லட்சம். கூடவே, யூதர்களில் சுமார் 20 லட்சம் பேர் முகாமையே பார்க்காமல் ஊர் ஓரக் குழிகளில் சுட்டுக் கொல்லப்பட்டவர்கள். உக்ரைனின் கீவ் நகரில் ‘பாபின் யார்’ என்ற பள்ளத்தாக்கில் 1941 செப்டம்பர் 29, 30 இரண்டே நாளில் 33,771 பேர். எண்ணிக்கை, கொன்ற படையின் சொந்த அறிக்கையில் இருக்கிறது.

ஆவணம் கேட்பவருக்கு ஹோஃப்லே தந்தியைக் காட்டுங்கள். 1943 ஜனவரி 11இல் எஸ்எஸ் அதிகாரி ஹோஃப்லே அனுப்பியதைப் பிரிட்டிஷார் இடைமறித்தார்கள், 2000இல்தான் கோப்பிலிருந்து வெளிவந்தது. 1942 இறுதிவரை மைடானெக்கையும் பெல்ஸெக், சோபிபோர், டிரெப்ளிங்கா ஆகிய மூன்று கொலைமுகாம்களையும் சேர்த்து 12,74,166 பேர் வந்ததாகச் சொல்கிறது. அதில் டிரெப்ளிங்கா எண்ணில் ஓர் இலக்கம் விழுந்துபோய் 71,355 என்றிருக்கும். மொத்தத்தோடு ஒத்துப்பார்த்தால் 7,13,555 என்று தெரியும். படம் அனுப்பும்போது இதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தத் தட்டச்சுப் பிழையையே பிடித்துக்கொண்டு தொங்குவார்கள்.

கேள்வி: வான்ஸே கூட்டத்தில்தானே கொல்ல முடிவெடுத்தார்கள்?

இல்லை. பெர்லினின் வான்ஸேயில் நாஜி அதிகாரிகள் 15 பேர் கூடிய அந்தக் கூட்டம் 1942 ஜனவரி 20. ஹெல்ம்னோவில் கொலை தொடங்கியது 1941 டிசம்பர் 8. அந்த 15 பேர் கூடியது துறைகளுக்குள் யார் என்ன செய்வது என்று ஒழுங்குபடுத்த.

கேள்வி: அண்ணா, இந்த முகாம்களில் இந்தியர் யாராவது? சயாம் மரண ரயில்பாதையில் செத்த நம் மக்களையும் இதோடு சேர்க்கலாமா?

நூர் இனாயத் கான். இந்திய சூஃபி குருவின் மகள், பாரிஸில் பிரிட்டனுக்காக ரகசிய வயர்லெஸ் இயக்கியவர். 1944 செப்டம்பர் 13 அன்று டாஹவில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஜப்பானியர் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட சயாம் பாதை 415 கிலோமீட்டர், 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் காலராவிலும் பட்டினியிலும் பல்லாயிரக்கணக்கில் மடிந்தார்கள். அது அடிமை உழைப்பு. முதல் பதிலில் சொன்ன பிரிவில் பொருத்தினால் மவுத்ஹவுசன் கல்குவாரிக்கு அருகே வரும், டிரெப்ளிங்காவுக்கு அருகே வராது. அங்கே இறந்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறை இருக்கிறது, தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோருக்கு அது இல்லை.

கேள்வி: ஆய்வேட்டுக்காக ஒரு குடும்பத்தைத் தேடுகிறேன். எங்கே தொடங்குவது?

ஜெர்மனியின் பாட் அரோல்சனில் உள்ள அரோல்சன் ஆவணக்காப்பகம், ஜெருசலேமின் யாட் வாஷெம் பெயர்த்தொகுப்பு, இரண்டும் இணையத்தில் இலவசம். பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஒரே ஆள் போலிஷ், ஜெர்மன், ஹங்கேரிய எழுத்துக்கூட்டலில் மூன்று பேராகத் தெரிவார். பிறந்த தேதி, பிறந்த ஊர் இரண்டையும் சேர்த்துத் தேடுங்கள். ‘இஸ்ரேல்’, ‘சாரா’ கண்ணில் பட்டால் அது திணிக்கப்பட்ட பெயர் என்று நினைவிருக்கட்டும், குடும்பப் பெயராக எழுதிவிடாதீர்கள்.

முகாம் பதிவேட்டில் பெயர் இல்லை என்றால் அங்கே போகவில்லை என்று முடிவுகட்டக் கூடாது. வந்த அன்றே கொல்லப்பட்டவரைப் பதிவு செய்யவில்லையே. ஏற்றிய இடத்துப் பட்டியலைப் பாருங்கள். வெஸ்டர்போர்க், டிரான்சியிலிருந்து புறப்பட்டவர்களுக்குப் பெயர்ப்பட்டியல் கிடைக்கும். வார்சாவிலிருந்து டிரெப்ளிங்காவுக்குப் போனவர்களுக்குக் கிடைக்காது, அங்கே பெயர் எழுதாமல் தலை எண்ணித்தான் ஏற்றினார்கள். அந்தக் குடும்பம் வார்சா என்றால், உறவினர்கள் பின்னாளில் யாட் வாஷெமுக்கு எழுதிக் கொடுத்த சாட்சிப் படிவத்தைத்தான் தேட வேண்டியிருக்கும்.