ஒற்றையரிலிருந்து ஜோடி ஸ்கேட்டிங்குக்கு மாறினால் அது பின்னடைவா?

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. கோவையில் ஆர்ட்டிஸ்டிக் ஸ்கேட்டிங் பழகுகிறாள். இதுவரை சிங்கிள்ஸ்தான். இப்போது கோச் ஜோடிப் பிரிவுக்கு மாறச் சொல்கிறார். சிங்கிள்ஸில் தேறாதவர்களைத்தான் அங்கே தள்ளிவிடுவார்கள் என்று சொந்தத்தில் சொல்கிறார்கள். ஐஸில் ஆடும் பெரிய ஃபிகர் ஸ்கேட்டர்கள் இப்படி மாறியபோது என்ன ஆனது?

பதில்:

உங்கள் சொந்தத்தில் சொன்னதை என் 14 வயதில் நானும் கேட்டிருக்கிறேன். சிங்கிள்ஸை விட்டு ஜோடிக்கு மாறி மூன்று வருடம் ஆடினேன். ஐஸில் இல்லை, உங்கள் மகளைப் போல நாலு சக்கரத்தில். இன்றைக்குக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், ஐஸ் போட்டிகளை வருடம் தவறாமல் பார்க்கிறேன். அது பின்னடைவு கிடையாதுங்க. ஆனால் பாதிப் படிப்பை ஓரமாக வைத்துவிட்டு ஒன்றாம் வகுப்பில் திரும்ப உட்கார வேண்டியிருக்கும். அந்த முதல் இரண்டு வருடத்தை மட்டும் பார்த்தால் மாறியவர் யாராக இருந்தாலும் தோற்றவராகத்தான் தெரிவார்.

ஜப்பானின் ரியூயிச்சி கிஹாராவை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கிள்ஸ் ஆடிக்கொண்டிருந்தவர், 2013இல் ஜோடிக்கு மாறினார். அன்றைக்கு ஜப்பானில் சிங்கிள்ஸில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை, ஜோடிக்குத்தான் ஆள் இல்லை. நருமி தகாஹாஷி என்ற பெண் கனடாக்காரரான மெர்வின் டிரானுடன் சேர்ந்து 2012 உலகப் போட்டியில் வெண்கலம் வாங்கியிருந்தார். உலகப் போட்டிக்கு இருவரில் ஒருவர் அந்த நாட்டுக்காரராக இருந்தால் போதும். ஒலிம்பிக்குக்கு இருவருக்கும் குடியுரிமை வேண்டும். அந்த ஜோடி பிரிந்த பிறகு தகாஹாஷிக்குத் துணையாக வந்தவர்தான் கிஹாரா. 2014 சோச்சியில்தான் ஃபிகர் ஸ்கேட்டிங் அணிப் போட்டி முதல்முறையாக ஒலிம்பிக்கில் சேர்ந்தது. ஆண், பெண், ஜோடி, ஐஸ் டான்ஸ் என்று நாலு பிரிவிலும் ஆள் இருந்தால்தான் அதில் ஒரு நாடு தலைநிமிர முடியும். தலைக்கு மேல் ஒருவரைத் தூக்கிப் பழக்கமே இல்லாத 20 வயதுப் பையன் ஒரே வருடத்தில் ஒலிம்பிக்கில் நின்றார்.

என்ன ஆனது? சோச்சியில் ஜோடிப் பிரிவின் இரண்டாம் சுற்றுக்கே போகவில்லை. நான்கு வருடம் கழித்து 2018இல் மியூ சுசாகி என்ற வேறு துணையுடன் போனார், அப்போதும் முதல் சுற்றோடு முடிந்தது. 2019இல் ஒரு ரிங்க்கில் பகுதி நேர வேலை பார்த்துக்கொண்டு, விட்டுவிடலாமா என்ற யோசனையில் இருந்தார். அந்த நேரத்தில்தான் அவரைவிட ஒன்பது வயது இளைய ரிக்கு மியூரா, சேர்ந்து ஆடிப் பார்க்கலாமா என்று கேட்டார். அவரும் சிங்கிள்ஸிலிருந்து ஜோடிக்கு வந்தவர்தான். இரண்டு பேரும் கனடாவில் புருனோ மார்க்கோட்டிடம் பயிற்சிக்குப் போனார்கள். 2022 பெய்ஜிங்கில் ஏழாம் இடம். 2023 மார்ச்சில் சைத்தாமாவில், சொந்த நாட்டு ஜனங்களுக்கு முன்னால், உலகச் சாம்பியன். ஜப்பானிய ஜோடி ஒன்று அந்தப் பட்டத்தை வாங்கியது அதுதான் முதல்முறை. 2025இல் பாஸ்டனில் மறுபடியும் வாங்கினார்கள். பெய்ஜிங் அணிப் போட்டியில் ஜப்பானுக்கு முதலில் வெண்கலம், பிறகு ரஷ்ய வீராங்கனை வலியேவாவின் தகுதி நீக்கத்தால் வெள்ளி. அந்தப் பதக்கத்திலும் இந்த ஜோடிக்குப் பங்கு உண்டு.

மாறியதிலிருந்து உலகப் பட்டம் வரை பத்து வருடம், மூன்றாவது துணை. 2018இல் கிஹாராவைப் பார்த்து உங்கள் சொந்தக்காரர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி என் கதை, சுருக்கமாக. பல்லடத்துக்கும் சோமனூருக்கும் நடுவில் எங்கள் ஊர். அப்பாவுக்கு விசைத்தறி. புதிதாகக் கட்டின குடோனில் தறி இறக்குவதற்கு முன் எட்டு மாதம் சும்மா கிடந்தது. அந்த வழவழப்பான சிமெண்டுத் தளம்தான் என் ரிங்க். ஜோடிக்கு மாறச் சொன்னபோது வீட்டில் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "பொண்ணுப் பிள்ளையை ஒருத்தன் தூக்கறதுன்னா ஒறம்பரைக்குள்ள என்னன்னு பேசுவாங்க?" பெரியப்பா மகன் என்னைவிட மூன்று வயது மூத்தவன், அவனும் ஸ்கேட்டிங் ஆடினவன். அண்ணன்தான் துணை என்றதும் அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. என் அம்மாயி (அம்மாவின் அம்மா) மட்டும் வேறு கேட்டார்: "ஏஞ்சாமி, அவன் கையை உட்டுப்போட்டா உம்பட மண்டை என்னாகும்?"

ஜோடி ஸ்கேட்டிங் முழுவதற்கும் அந்த ஒரு கேள்விதான் அடிப்படை. இரட்டையர் என்றவுடன் நமக்கு பேட்மிண்டன் ஞாபகம் வந்துவிடும். ஆளுக்குப் பாதிக் களம், ஆளுக்குப் பாதி வேலை என்று நினைப்போம். இங்கே என் எடை முழுவதும் அவன் கையில். லிஃப்டில் அவன் கையை முழுதாக மேலே நீட்டி என்னைத் தூக்கிக்கொண்டே சுற்றுவான், காலும் ஓடிக்கொண்டே இருக்கும். ட்விஸ்டில் பெண்ணை மேலே எறிந்து, அவள் காற்றில் படுத்தவாக்கில் சுழன்று இறங்கும்போது இடுப்பில் பிடிக்க வேண்டும். த்ரோ ஜம்பில் வீசிவிடுவான், இறங்குவது பெண் தனியாக, ஒற்றைக் காலில், பின்னோக்கி. டெத் ஸ்பைரலில் ஆண் ஒரு இடத்தில் ஊன்றி நிற்க, அவன் ஒற்றைக் கையைப் பிடித்தபடி தலை தரையை உரசுகிற மாதிரி பெண் சுற்றிவருவாள். ஹெல்மெட் கிடையாது.

சிங்கிள்ஸில் பழகினவர்களுக்கு இதில் எது கஷ்டம் தெரியுமா? பயம் இரண்டாவதுதான். சும்மா இருப்பதுதான் முதல் கஷ்டம். ஏழு வருடம் என் உடம்பை நானேதான் காப்பாற்றிக்கொண்டேன். கொஞ்சம் சாய்ந்தால் உடனே கை போகும், இடுப்பு திரும்பும். லிஃப்டில் அப்படிச் செய்தால் கீழே இருப்பவன் தடுமாறுவான். முதல் மாதம் முழுக்க அண்ணன் சொன்னது ஒன்றுதான்: "நீ நெளியாத பாப்பா, நான் பார்த்துக்கறேன்." பத்து நாளாக இடுப்பெலும்பின் இரண்டு பக்கமும் அவன் கட்டைவிரல் பதிந்து கருநீலமாகக் கன்றிப்போய் இருந்தது. அவன் பக்கம் அவனும் சும்மா இல்லை. விடிகாலையில் 25 கிலோ அரிசிச் சிப்பத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு குடோனுக்குள் வட்டமடிப்பான். தூக்குவதை எந்த ஜிம்மிலும் பழகலாம். தூக்கினதோடு திரும்புவதைத் தளத்தில்தான் பழக முடியும்.

அம்மாயி பயந்தது ஒரு நாள் நடந்தது. அப்போது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர், தரையில் மேட் விரித்துப் பழக்க வேண்டியதைச் சக்கரத்தோடு நேராகச் செய்யச் சொன்னார். போட்டிக்கு மூன்று வாரம்தான் இருந்தது. அண்ணனின் மணிக்கட்டு மடங்கியது. எனக்கு இடது காறை எலும்பு விரிசல். ஆறு வாரம் கையைத் தொட்டில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த அவசரத்தை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. பின்னால் சொல்லப்போகும் முதல் விஷயத்தைத் தயவுசெய்து விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சொந்தக்காரர்கள் பேச்சில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. ஆண்கள் சிங்கிள்ஸில் இன்று, காற்றில் நாலு முறை சுழன்று இறங்கும் நாலு சுற்று ஜம்ப் இல்லாமல் மேலே வர முடியாது. 2022இல் அமெரிக்காவின் இலியா மாலினின், ஆக்செல் என்ற ஜம்பை நாலரைச் சுற்றாகவே போட்டியில் இறக்கிக் காட்டிவிட்டார். மூன்று சுற்று ஜம்பைச் சுத்தமாகப் போடுகிற ஒரு பையனுக்கு அங்கே பெரிய இடம் கிடைக்காது. அதே பையன் ஜோடிக்கு வந்தால் அந்த மூன்று சுற்றே பெரிய சொத்து, ஏனென்றால் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே நேரத்தில் போடும் ஜம்புக்கு அது போதும். இடமும் கொஞ்சம் தாராளம். பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஆண், பெண் சிங்கிள்ஸுக்குத் தலா 30 இடம், அதற்கு உலகமே அடித்துக்கொண்டது. ஜோடிக்கு 19 இடம்தான் என்றாலும் போட்டியிட ஜோடி வைத்திருக்கிற நாடே குறைவு. அதனால் கணக்குப் போட்டு மாறுகிறவர்கள் உண்டு. அதில் கேவலம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. சிங்கிள்ஸையும் ஜோடியையும் இரண்டையும் ஆடிவந்த கனடாவின் மேகன் டுஹாமெல் 2015, 2016 இரண்டு வருடமும் எரிக் ராட்ஃபோர்டுடன் உலகச் சாம்பியன். ஒலிம்பிக்கில் நாலு சுற்று த்ரோ ஜம்பை முதன்முதலில், 2018இல், இறக்கியவரும் அவர்தான். அந்தப் பெண்ணைத் தேறாதவர் என்று யார் சொல்ல முடியும்?

எனக்கு ரொம்பப் பிடித்தது டியானா ஸ்டெல்லாட்டோ-டூடெக். அமெரிக்காவில் சிங்கிள்ஸ் ஆடி, 2000இல் ஜூனியர் உலகப் போட்டியில் வெள்ளி வாங்கினார். அடுத்த வருடமே காயத்தால் நின்றுவிட்டார். அழகுக்கலை வேலைக்குப் போய்ப் பதினைந்து பதினாறு வருடம் ஓடிப்போனது. அலுவலகக் கூட்டம் ஒன்றில், தோற்கவே மாட்டோம் என்று தெரிந்தால் என்ன செய்வீர்கள் என்று எல்லோரையும் கேட்டபோது, ஒலிம்பிக் தங்கம் வாங்குவேன் என்று வாயில் வந்துவிட்டது. அம்மா வீட்டில் கிடந்த பழைய ஸ்கேட்டைத் தேடி எடுத்துக்கொண்டு 2016இல் திரும்பினார், இந்த முறை ஜோடியில். முதலில் நேத்தன் பார்த்தலோமே, 2019 முதல் கனடாவின் மேக்சிம் டெஷாம். 2024 மார்ச்சில் மாண்ட்ரியலில் உலகச் சாம்பியன் ஆனபோது அவருக்கு 40 வயது. ஃபிகர் ஸ்கேட்டிங் உலகப் பட்டம் வாங்கிய பெண்களில் அவர்தான் மூத்தவர். அன்றைக்கு வெள்ளி வாங்கியது மியூரா, கிஹாரா ஜோடி. நம் ஊர் நேரத்துக்கு அது விடிகாலை. போனில் பார்த்துக்கொண்டே அழுதேன். அம்மா காப்பி டம்ளரோடு வந்து, யாருக்கு என்ன ஆச்சு என்று பதறிப்போனார்.

எதிர்த்திசையில் போனவரும் இருக்கிறார். கிறிஸ்டி யமகுச்சி, ரூடி கலிண்டோவுடன் 1989, 1990இல் அமெரிக்க ஜோடிச் சாம்பியன். பிறகு ஜோடியை விட்டுவிட்டுச் சிங்கிள்ஸில் மட்டும் நின்று 1992 ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். நம் நாட்டில், நம் சக்கரத்திலேயே, ஹைதராபாத்தின் அனூப் குமார் யாமா 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் சிங்கிள்ஸில் ஒரு வெண்கலமும், அவனி பஞ்சாலுடன் ஜோடியில் ஒரு வெண்கலமும் வாங்கினார். ஒன்றுக்குப் போனால் இன்னொன்றை மறந்துவிட வேண்டும் என்று யாராவது சொன்னால் யாமாவைச் சொல்லுங்கள்.

இதில் உண்மையான ஆபத்து வேறு. துணை நின்றுவிட்டால் நீங்களும் நின்றுவிடுவீர்கள். அண்ணன் கல்லூரி முடித்துத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போனான், என் ஆட்டம் அந்த மாதத்தோடு முடிந்தது. எங்கள் பக்கத்தில் வேறு பையன் இல்லை, இருந்திருந்தாலும் வீட்டில் விட்டிருக்க மாட்டார்கள். வனெஸ்ஸா ஜேம்ஸ் பிரிட்டனில் சிங்கிள்ஸ் சாம்பியனாக இருந்து, ஜோடிக்காக பிரான்ஸுக்குப் போனார். மோர்கன் சிப்ரேயுடன் 2019இல் ஐரோப்பியச் சாம்பியன். அந்த ஜோடி முடிந்ததும் கனடாவுக்குப் போய் ராட்ஃபோர்டுடன் சேர்ந்து 2022 உலகப் போட்டியில் வெண்கலம். மூன்று நாடு மாறித் துணை தேட அவரால் முடிந்தது. பல்லடத்துப் பிள்ளைக்கு அது முடியாது.

உங்கள் மகள் விஷயத்துக்கு வருகிறேன். முதலில், லிஃப்டை எங்கே பழக்குவார்கள் என்று கோச்சிடம் கேளுங்கள். சில மாதம் மேட்டில், சக்கரமில்லாமல் என்று சொல்ல வேண்டும். வேறு பதில் வந்தால் கூட்டி வந்துவிடுங்கள். அடுத்தது, இரண்டு பிள்ளைகளையும் தனித்தனியாக ஒரு ஜம்ப் போடச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றுவார்கள். ஒருவர் வலஞ்சுழி, மற்றவர் இடஞ்சுழி என்றால் எல்லாமே இரட்டிப்பு வேலை. அந்தப் பையனின் பெற்றோரோடு ஒரு முறை உட்கார்ந்து, பிளஸ் டூ வருடத்தில் அவன் நின்றுவிடுவானா என்பதையும் பேசிவிடுங்கள். சிங்கிள்ஸ் பயிற்சியை வாரத்தில் இரண்டு நாளாவது விடாமல் வையுங்கள்.

அப்புறம் மகளிடம், கோச்சும் சொந்தக்காரர்களும் இல்லாத நேரத்தில், ஒன்று கேளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாகச் சாய்ந்தால் அந்தப் பையன் பிடிப்பான் என்று அவளுக்குத் தோன்றுகிறதா? எனக்குத் தோன்றியது. காறை எலும்பு கூடினதும் நான் முதலில் போய் நின்றது அண்ணன் முன்னால்தான். அவன் ரொம்ப நேரம் கையை நீட்டவே இல்லை. நானே போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன்.