கோட் எழுத ஏஐ இருக்கும்போது மென்பொருள் குழுவில் புதியவர்களுக்கு என்ன வேலை?

கொழும்பில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. எழுதும் நேரம் குறைந்துவிட்டது, உண்மைதான். ஆனால் அந்தச் சுமை சரிபார்ப்பவர் தலையில் வந்து விழுகிறது.

நம்மூர் உதாரணம் ஒன்று: தேசிய அடையாள அட்டை இலக்கத்திலிருந்து பிறந்த திகதியைக் கண்டுபிடிக்கும் கோட். பழைய இலக்கத்தில் 9 எண்களும் ஓர் எழுத்தும். 2016 முதல் 12 எண்கள். வருடத்தின் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்ற நாள் எண்ணும் அதில் இருக்கும்; பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருப்பார்கள். இதையெல்லாம் ஏஐ பெரும்பாலும் சரியாகவே எழுதிவிடும். ஆனால் எல்லா வருடத்துக்கும் பெப்ரவரிக்கு 29 நாள் என்றே அடையாள அட்டை இலக்கத்தில் கணக்கு. அதைத் தவறவிட்டால், லீப் அல்லாத வருடத்தில் மார்ச் 1 முதல் பிறந்தவர்களுக்கெல்லாம் ஒரு நாள் பிசகும். கோட் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் டெஸ்டையும் அதே ஏஐ எழுதியிருந்தால் அதே பிழையோடு பாஸாகிவிடும்!

அதனால் டெஸ்டில் எதிர்பார்க்கும் விடையை மனிதர்தான் எழுத வேண்டும், அதுவும் கோடுக்கு முன்பே. புல் ரிக்வெஸ்ட், அதாவது கோட் மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லி அனுப்பும் கோரிக்கை, சின்னதாக இருக்கட்டும். அனுப்புபவர் ஒவ்வொரு வரியையும் விளக்கத் தெரிந்திருக்க வேண்டும். அப்புறம், சரிபார்ப்பை சீனியர்களிடம் மட்டும் விடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேளுங்கள். இந்தத் தொழிலை இனி அங்கேதான் கற்க முடியும்.