விடை 2.87 கிராம் வந்தால் எங்கே தப்பு?

பதினொன்றாம் வகுப்பு மாணவர் ஒருவர் கேட்கிறார்: "27 டிகிரி செல்சியஸில் ஒரு வாயுவின் சராசரி இருமடிமூல வேகம் (மூலக்கூறுகளின் வேக வர்க்கங்களுடைய சராசரியின் வர்க்கமூலம்) நொடிக்கு 484 மீட்டர். மோலார் நிறை, அதாவது ஒரு மோல் வாயுவின் நிறை, எனக்கு 0.00287 வருகிறது. விடைக் குறிப்பில் 32 என்று இருக்கிறது. நான் போட்ட சூத்திரம் தவறா?"

சூத்திரம் சரிதான். மோலார் நிறை = 3 × வாயு மாறிலி × வெப்பநிலை ÷ வேகத்தின் வர்க்கம். வெப்பநிலைக்கு 27 என்றே போட்டுவிட்டீர்கள், அங்கேதான் சறுக்கல். மூலக்கூறுகளின் சராசரி இயக்க ஆற்றல் கெல்வின் அளவுக்குத்தான் நேர்விகிதத்தில் இருக்கும். அதனால் 273-ஐக் கூட்டி 300 என்று போடுங்கள்.

மேலே 3 × 8.314 × 300 = 7482.6. கீழே 484-இன் வர்க்கம் 2,34,256. வகுத்தால் 0.0319. இதைப் பார்த்ததும் பயப்பட வேண்டாம், இது கிலோகிராம். 8.314 என்ற மாறிலியில் ஜூல் இருக்கிறது, ஜூலுக்குள் கிலோகிராம் இருக்கிறது. ஆகவே விடையும் கிலோகிராமில்தான் வரும். ஆயிரத்தால் பெருக்கினால் 31.9 கிராம், அதாவது கிட்டத்தட்ட 32. மாறிலிக்கு 0.0821 போடுகிறவர்களும் உண்டு. அது லிட்டர், வளிமண்டல அழுத்தக் கணக்குக்கானது, இங்கே ஒத்துவராது.

உங்கள் 0.00287-ஐக் கிராமாக்கினால் 2.87. ஹைட்ரஜன் 2, ஹீலியம் 4. நடுவில் 2.87-க்கு எந்த வாயு இருக்கிறது? இந்த ஒரு கேள்வியை உங்களையே கேட்டிருந்தால் தப்பு அங்கேயே பிடிபட்டிருக்கும். விடை வந்ததும் இப்படி ஒருமுறை பார்க்கிற பழக்கத்தை விடவே விடாதீர்கள்.

அப்புறம், கேள்வியில் எந்த வேகம் என்பதை ஊன்றிப் படியுங்கள். வெறும் 'சராசரி வேகம்' என்றிருந்தால் 3-க்குப் பதில் 8/π, அதாவது 2.546. 'மிகவும் சாத்தியமான வேகம்', அதாவது மிக அதிக மூலக்கூறுகளுக்கு இருக்கும் வேகம் என்றால் 2. அதே 484-க்கு முறையே 27.1, 21.3 கிராம் வரும். ஒரு சொல்லைக் கவனிக்காவிட்டால் வாயுவே மாறிப்போகும்.

32 வந்துவிட்டது, ஆக்சிஜன்தான் என்று உடனே எழுதிவிடலாமா? பாடக் கணக்கில் எழுதலாம். ஆனால் சிலிக்கானும் ஹைட்ரஜனும் சேர்ந்த சிலேன் வாயுவின் மோலார் நிறையும் 32.1 கிராம்தான். வேகம் நிறையை மட்டுமே சொல்லும். எந்த வாயு என்று உறுதி செய்ய வேதிச் சோதனை வேண்டும்.